கொம்பனூர்ப் பூமாரி

இந்தப் பக்கம் நிழல்ல உக்காருங்க தம்பி. அங்க நின்னீங்கன்னா மண்டை காஞ்சிரும். க்ளப்பு கேட்டை இப்பத் தெறக்க மாட்டாங்க. வண்டி பறக்கற நேரத்துல வெளியாளு உள்ள வரக்கூடாதுன்னு புதுசா ஒரு சட்டம். அந்தச் சட்டத்தையும் ஒரு தகரத்துல எழுதிக் கேட்டுலயே தொங்க விட்டிருக்கறாங்க, பாத்தீங்களா. ஒம்பதரைக்கு மேலதான் உங்களைக் கூப்புடுவாங்க. அதுவரைக்கும் ஒரு டீ சாப்பிடுங்க. இங்க டீ நல்லா இருக்கும். அதுக்குத்தான் நானும் ஞாயித்துக்கெழமையானா வர்றது.

சேரலாம்னு வந்தீங்களா? நல்லதுங்க. என்ன தொழிலு? பேக்கரிங்களா, பொள்ளாச்சியில. நல்ல தொழிலு. பிளேன் ஓட்டப் பேக்கரிக்காரர் வந்தா என்னங்க, நான் பம்புசெட்டு வார்ப்படம் போடறவன். நான்தான் இந்த க்ளப்பையே ஆரம்பிச்சேன். நாச்சிமுத்துன்னு உள்ள சுவத்துல முதல் பேரா இருக்கும், பாருங்க. சொரண்டாம இருந்தா இருக்கும்.

இல்லீங்க, நான் இப்ப உள்ள போறதில்ல. என்னைப் போக வேண்டாம்னு யாரும் சொல்லல. நானாத்தான் போறதில்ல. இந்தக் கூட்டத்தோட எனக்கு ஒத்து வரல. நீங்க சேர்றதுக்கு முன்னாடி இவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சுக்கறது நல்லது, அதுக்குத்தான் சொல்றேன்.

இந்த ஓடுதளம் வெள்ளைக்காரன் சண்டைக் காலத்துல போட்டதுங்க. அப்பறம் அம்பது வருசம் ஆடு மேஞ்சுது. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால நானும் அர்த்தநாரியும் வந்து முள்ளு வெட்டினோம். அர்த்தநாரி பல் டாக்டருங்க, ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால க்ளினிக்கு. பள்ளிக்கூடத்துல இருந்து எங்கூட இருக்கறவன். நான் முள்ளு வெட்டப் போலாம்டான்னேன், வந்தான். பறக்கக் கத்துக்கலாம்டான்னேன், கத்துக்கிட்டான். ஒரு வண்டி வாங்கலாம்டான்னேன், பாதி போட்டான். ரெண்டு பேரு உக்காரற சின்ன வண்டி. நாங்க வண்டின்னுதான் சொல்லுவோம். எந்தப் பாதி யாருதுன்னு நாங்க ஒருநாளும் பாத்ததில்ல. ஆனா ஓட்டறது நானு. அவன் பக்கத்துல உக்காருவான். அவனுக்கு அதுதான் புடிக்கும்.

அப்பெல்லாம் எப்படி இருந்துச்சு தெரியுங்களா. காலையில வருவோம், கயித்தை அவுப்போம், ஏறுவோம், போவோம். ஆழியாறு தண்ணி வரைக்கும் ஒரு சுத்து. எறங்கினா இட்லி, கெட்டிச் சட்னி, கதை. யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க. பயம் இருக்கறவன் வர மாட்டான். அவ்வளவுதான் சட்டம்.

மூணு வருசம் முன்னால பிரிசில்லா டீச்சர் வந்தாங்க. காலேஜுல பிசிக்ஸு. நல்ல பொம்பளைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா டீச்சர். எங்க போனாலும் டீச்சர். முதல் மாசமே இட்லிக்கு முன்னாடி பாடம்னு ஆயிருச்சு. காத்து எந்தப் பக்கம் அடிச்சா என்ன ஆகும், பெட்ரோல்ல தண்ணி கலந்தா என்ன ஆகும். கையில ஒரு அட்டை. அதுல இருபத்தெட்டு வரி. பறக்கறதுக்கு முன்னாடி அதை வாய்விட்டுப் படிக்கணுமாம். மனசுல படிக்கக் கூடாதாம். ரெண்டாங்கிளாஸ் வாய்ப்பாடு மாதிரி. பெரிய பெரிய முதலாளிங்க, ஒருத்தரு நூல் மில்லு வெச்சிருக்கறாரு, அவரு ரெக்கைக்குப் பக்கத்துல நின்னு 'சக்கரம் சரி, மூடி சரி, பெல்ட்டு சரி'ன்னு படிக்கறாரு. நான் சிரிச்சுப்போட்டேன். அவரு சிரிக்கல.

எல்லாத்துக்கும் கயிறுங்க. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு, பேனாவுக்குக் கயிறு, செல்போனுக்குக் கயிறு. எங்க மாதிரி வண்டிக்கு விசிறி முன்னால இருக்காதுங்க, உக்காந்திருக்கறவங்க முதுகுக்குப் பின்னால சுத்தும். அதனால கையில இருந்து எது நழுவினாலும் நேரா அங்கதான் போகும்னு அந்தம்மா சொல்லுவாங்க. ஒரு தொப்பி போதும், விசிறி ஒடைஞ்சுரும்னுவாங்க. நான் கேட்டேன், ஏம்மா, இருபது வருசத்துல எத்தனை தொப்பி போச்சு? ஒண்ணுமில்லதானே? அவங்க சொன்னாங்க, அண்ணா, போகாத வரைக்கும் போகலைன்னுதான் அர்த்தம்னு. இது ஒரு பதிலுங்களா?

அதை விடுங்க. நோட்டுக் கதையைக் கேளுங்க. ஷெட்டுக்குள்ள ஒரு நோட்டைக் கட்டித் தொங்க விட்டாங்க. அதுக்கும் கயிறுதான். யாராச்சும் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டா, தப்புப் பண்ணப் பாத்துத் தப்பிச்சுட்டா, அதுல எழுதி வெக்கணுமாம். பேரு போட வேண்டாமாம். யாரும் திட்ட மாட்டாங்களாம். மத்தவங்க படிச்சுப் பாடம் கத்துக்கணுமாம். எழுதறாங்கங்க! வெக்கமே இல்லாம எழுதறாங்க. 'பெட்ரோல் மூடியைச் சரியா மூடாம ஓடுதளம் வரைக்கும் போயிட்டேன்.' 'காத்து மாறினதைக் கவனிக்காம எறங்கிட்டேன், ஓடுதளம் பத்தல.' நூறு பேருக்கு வேலை குடுக்கற ஆம்பளைங்க, வீட்டுல பொண்டாட்டிகிட்டக்கூடத் தப்புன்னு ஒத்துக்காதவங்க, இங்க வந்து வரிசையா எழுதி வெக்கறாங்க.

நான் ஒரு வரி எழுதல. எழுத என்ன இருக்குது? தொளாயிரம் மணி நேரம் பறந்திருக்கறேன். ஒருதடவை எறங்கறப்ப ஓடுதளத்துல ஆட்டுக்குட்டி மேல ஏத்திட்டேன், முன்சக்கரம் கோணிருச்சு. எறங்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து மேல சுத்திப் பாத்தீங்களான்னு டீச்சர் கேட்டாங்க. அது ஆடு குறுக்க வந்ததுங்க. எழுதணும்னா ஆடுதான் எழுதணும்.

அர்த்தநாரி எழுதினானான்னு கேக்கறீங்களா? அந்தப் பக்கம் போய்ப் போய்ப் படிப்பான். எழுதினதில்ல. அப்ப எழுதினதில்ல.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். போன ஆனி மாசம். கொம்பனூர் தெரியுங்களா, இங்கிருந்து ஏழு கிலோமீட்டரு. அங்க அம்மன் கோயிலுக்குக் கும்பாபிசேகம். தர்மகர்த்தா எனக்கு ஒருவகையில ஒரம்பரை, தூரத்துச் சொந்தம். வந்து கேட்டாரு. பெரிய பெரிய கோயிலுக்கெல்லாம் ஹெலிகாப்டர்ல பூ தூவறாங்க, நம்ம கோயிலுக்கு நீங்க தூவக் கூடாதான்னு. கலசத்துக்குத் தண்ணி ஊத்தற நேரத்துல மேல இருந்து பூ விழுகணும். எனக்கு மயிர்க்கால் நின்னுருச்சு. சாமி காரியம். எத்தனை பேருக்குக் கெடைக்கும். சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை க்ளப்புல சொன்னேன். கை தட்டுவாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் தட்டல. பிரிசில்லா டீச்சர் எழுந்து ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. ஆனிக் காத்துங்கண்ணா, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து நேரா இங்கதான் வருது, எட்டரைக்கு மேல நம்ம வண்டி தாங்காது. ரெண்டாயிரம் பேரு கூடற எடத்துக்கு மேல எறக்கமாப் பறக்கறது சட்டப்படியும் முடியாது, அனுமதி கெடையாது. பூவைக் கொட்டறப்ப பின்னால விசிறி இருக்குது. எஞ்சின் நின்னா எறங்க எடம் இல்ல, எல்லாப் பக்கமும் சனம். வேண்டாங்கண்ணா. இப்படி. தண்ணி குடிக்காம பேசறாங்க. நான் சொன்னேன், அம்மா, இது எங்க சாமி காரியம், உங்களுக்குப் புரியாது. அவங்க முகம் ஒருமாதிரி ஆயிருச்சு. ஆனாலும் உக்காரல. 'பந்தல்ல உக்காரப் போற சனத்தைப் பத்தித்தாங்கண்ணா பேசறேன்'னாங்க.

ஓட்டுக்கு விட்டாங்க. பதினோரு பேரு வேண்டாம்னாங்க. பயந்தாங்கொள்ளிப் பதினோரு பேரு. அர்த்தநாரி மட்டும் கையைத் தூக்கல. டீ டம்ளரையே பாத்துட்டு உக்காந்திருந்தான். அவன் எம்பக்கம்னு அதுலயே தெரிஞ்சுதுங்களே.

கும்பாபிசேகம் வியாழக்கெழமை. அன்னைக்கு இங்க ஈ காக்கா இருக்காது. டீச்சர் காலேஜுல இருப்பாங்க, மில்லுக்காரரு மில்லுல இருப்பாரு. கேட்டுச் சாவி எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. வண்டி என்னோடது. என் வண்டியை நான் எடுக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?

பூ போட ஒரு ஆளு வேணும். ஓட்டிக்கிட்டே போட முடியாது. அர்த்தநாரிதான். புதங்கெழமை பொழுதோட போன் பண்ணினான். நாளைக்கு ஒரு வேர்ச் சிகிச்சை இருக்குது நாச்சி, பேசண்டு ஊருக்குப் போறாரு, தள்ளிப் போட முடியாதுங்கறான். தள்ளிப் போடுன்னேன். காலையில ஆறு மணிக்கு மறுபடியும் போனு. வயிறு சரியில்லைங்கறான். வெந்தயத்தை முழுங்கீட்டு வாடான்னேன். வந்தான். வந்து வண்டிகிட்ட நின்னுட்டு, கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன், போயி எடுத்துட்டு வந்துரட்டுமாங்கறான். பூப் போடறதுக்குக் கண்ணாடி எதுக்குடா, பல்லா புடுங்கப் போறேன்னேன். சிரிச்சான். அவன் எப்பவும் அப்படித்தானுங்க, ஒரு காரியம்னா கடைசி நிமிசம் வரைக்கும் ஏதாச்சும் நசநசன்னுட்டே இருப்பான். அப்பறம் வந்துருவான்.

எட்டேகாலுக்கு முகூர்த்தம்னு சொல்லியிருந்தாங்க. பூ ஏழரைக்கே வந்துருச்சு. செவ்வந்தி, சம்பங்கி, உதுத்த ரோசாப்பூ, பதினஞ்சு கிலோ. உரச்சாக்குல போட்டு நைலான் கயித்துல கட்டியிருந்தாங்க. எட்டு மணிக்கு தர்மகர்த்தா போன் பண்ணறாரு, முக்கியமான ஆளு ஒருத்தரு வந்துட்டே இருக்கறாரு, அவரு வந்தாத்தான் தண்ணி ஊத்துவோம், கொஞ்சம் தாமசமாகும்னு. ஒம்பது ஆச்சு. ஒம்பதரை ஆச்சு. அர்த்தநாரி அந்தச் சாக்கைப் பாத்துட்டே இருந்தான். வீட்டுல ஒரு துணிப்பை இருக்குது, அதை பெல்ட்டோட சேத்துக் கட்டிக்கலாம், மரகதத்தைக் கொண்டு வரச் சொல்லட்டுமான்னான். மரகதம் அவன் சம்சாரம். எதுக்குடா அவளை அலைக்கழிக்கறேன்னேன். எனக்குப் பூ வாடிப் போயிருமேன்னுதான் வெசனம். வேற ஒரு வெசனமும் இல்ல.

பத்து இருபதுக்குப் போன் வந்துச்சு. ஏறினோம். பெல்ட்டு போட்டோம். அட்டையெல்லாம் நான் படிக்கறதில்ல, எனக்கு எல்லாம் கைப்பழக்கம். எஞ்சினை ஓட விட்டுட்டேன். அப்ப அர்த்தநாரி என் கையைத் தொட்டு, 'நாச்சி, காத்துப்பையைப் பாரு'ன்னான். அந்தக் கம்பத்துல செவப்பும் வெள்ளையுமா ஒரு துணிக் குழாய் தொங்குது பாருங்க, அதுதான் காத்துப்பை. காத்து இல்லைன்னா துவண்டு கெடக்கும். அன்னைக்கு விறைச்சுட்டு நேரா நின்னுச்சு. எனக்கு சல்யூட் அடிக்கற மாதிரி இருந்துச்சு. பாத்துட்டேன்டான்னேன். அவன் சாக்கை மடியில எடுத்து வெச்சுக்கிட்டான்.

போற வழியெல்லாம் வண்டி துள்ளுச்சு. அது சகஜம். கொம்பனூர் போயிப் பாத்தா, தம்பி, அப்படி ஒரு கூட்டம் நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கோபுரத்து மேல சாரம், அதுல குருக்கள்மாருங்க. கீழ சனம் அத்தனையும் அண்ணாந்து எங்களைப் பாக்குது. முதல் சுத்துல போட்ட பூவு காத்துல போயிருச்சு, பக்கத்துச் சோளக்காட்டுல விழுந்துச்சு. வேலைக்காகாது, கொஞ்சம் எறக்கறேன்னேன். ரெண்டாவது சுத்து எறக்கிப் போனேன். முன்னூறு அடி இருக்கும். கலசம் மின்னுது. கொட்டுடான்னேன். அர்த்தநாரி சாக்கைக் கவுத்தான். பூவு கொட்டுச்சு. சாமி மேலயே கொட்டுச்சுங்க. அந்த ஒரு நிமிசம் போதும் எனக்கு. அதைப் பத்தி ஒருத்தனும் பேசறதில்ல. பூவு சரியா கலசத்துல விழுந்துச்சு, அதை யாரும் பேசறதில்ல.

அப்ப ஒரு காத்து. சாக்கு அவன் கையை விட்டுப் போயிருச்சு. கயிறும் சாக்குமா நேராப் பின்னால. ஒரு சத்தம். கிரைண்டர்ல ஸ்பூன் விழுந்தா எப்படி இருக்கும், அது மாதிரி நூறு மடங்கு. வண்டியே பிச்சுக்கற மாதிரி ஆடுச்சு. எஞ்சினை அமத்தினேன். எத்தனை பேரு அமத்துவாங்க அந்த நேரத்துல? நான் அமத்தினேன். அப்பறம் ஒரே அமைதி. கீழ சனம் கை தட்டற சத்தம் கேக்குது. இதுவும் விளையாட்டுல சேத்தின்னு நெனச்சுக்கிச்சு சனம்.

நேரா அன்னதானப் பந்தல். எரநூறு பேரு எலை போட்டு உக்காந்திருக்கறாங்க. அதுக்கு மேலதான் போகணும், வேற வழி இல்ல. போனேன். பந்தல் மேல கட்டியிருந்த காகிதத் தோரணம் சக்கரத்துல சுத்திக்கிச்சு, பாத்துக்கங்க. அத்தனை ஒட்டிப் போனேன். ஒருத்தரு மேலயும் படல. தாண்டி ஒரு மக்காச்சோளக் காடு. எறக்கிட்டேன். நல்லாத்தான் எறக்கினேன். அந்தக் காட்டுக்காரன் நடுவுல வாய்க்கால் வெட்டி வெச்சிருந்தான். சொல்லாம வாய்க்கால் வெட்டி வெச்சிருந்தா நான் என்ன பண்ணுவேன்? சக்கரம் அதுல எறங்கி வண்டி அவன் பக்கமாப் பொரண்டுருச்சு.

எனக்கு ஒரு கீறலும் இல்ல. அர்த்தநாரிக்கு வலது காலு மேல இரும்புக் குழாய் விழுந்து கெடந்துச்சு. நான் பெல்ட்டை அவுத்துட்டு எறங்கி, 'பாத்தியாடா, எறக்கிட்டேன் பாத்தியா'ன்னேன். அவன் கத்தல. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. 'பந்தல்ல யாருக்காச்சும் அடியா?'ன்னு கேட்டான். அதையே மூணு தடவை கேட்டான். ஆளுங்க ஓடி வந்து தூக்கற வரைக்கும் அதையே கேட்டான்.

அடியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒடைஞ்ச விசிறித் துண்டு ஒண்ணு சமையக்கட்டுல போயி விழுந்திருக்குது. காய் அரிஞ்சுட்டு இருந்த ஒரு அம்மா தோள்ல ஒரசிட்டுப் போயி பூசணிக்காய்ல குத்தி நின்னுருச்சு. நாலு தையல். நாலு தையலுக்கு எத்தனை பேச்சு! ஒரு முழம் தள்ளியிருந்தா கழுத்துங்கறாங்க. தள்ளலையே. நான் அந்தம்மா வீட்டுக்கே போனேன். பூசணிக்காய் ஒடைஞ்சா திருஷ்டி கழிஞ்சுதுன்னுதானம்மா அர்த்தம்னேன். அந்தம்மாவுக்குச் சிரிக்கத் தெரியல. வீட்டுக்காரன் தண்ணி கூடக் குடுக்கல.

அர்த்தநாரி பத்தொம்பது நாளு ஆஸ்பத்திரியில. காலு ரெண்டு எடத்துல முறிஞ்சு தகடு வெச்சாங்க. முட்டி மடங்காதுன்னுட்டாங்க. பல் டாக்டருக்குக் கையி நல்லா இருந்தாப் பத்தாதுங்களாம். பல்லைக் குடையற மெசினைக் காலுலதான் மிதிக்கணுமாம். அது எனக்குத் தெரியாது. க்ளினிக்கை மூடிட்டான். எடது காலால மிதியேண்டான்னு சொன்னேன். சீலிங்கையே பாத்துட்டு இருந்தான். மருந்து மயக்கம்.

டெல்லியில இருந்து கடுதாசி வந்துச்சு, லைசென்ஸை நிறுத்தி வெச்சுட்டாங்க. அது கெடக்கட்டும், சர்க்கார் காரியம். இவங்க பண்ணினதைக் கேளுங்க. கூட்டம் போட்டாங்க. பிரிசில்லா டீச்சர் சத்தம் போடுவாங்கன்னு பாத்தேன். போடல. போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன். மெதுவாச் சொன்னாங்க. 'அண்ணா, நடந்தது எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு, லைசென்ஸ் திரும்பி வந்தப்பறம், பக்கத்துல ஒரு வாத்தியாரை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நாளு பறங்க. நாங்க எல்லாரும் கூட இருக்கறோம்.' எனக்கு வாத்தியாரு! நான் சாவியை மேசை மேல போட்டுட்டு வந்துட்டேன். அவங்க யாரும் புடுங்கல. நானாத்தான் போட்டேன். எழுதியிருந்தா ஆறு மாசத்துல மறுபடியும் வண்டி ஏறியிருக்கலாம். எழுதறதுக்கு என்ன இருக்குது, சொல்லுங்க. சாக்கு அவங்க குடுத்தது, வாய்க்கால் அவன் வெட்டினது, லேட்டா வந்தது யாரோ ஒருத்தரு.

ஆனா அர்த்தநாரி எழுதினான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டே எழுதினான். நோட்டை அங்கயே கொண்டு போயிக் குடுத்திருக்கறாங்க. அந்த நோட்டுலயே கையெழுத்துப் போட்டு எழுதின ஒரே ஆளு அவன்தான். மில்லுக்காரரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பினாரு. இதோ செல்லுல இருக்குது. பாக்கறதே இல்ல, மனப்பாடம்.

'கொம்பனூர்ல நான் செஞ்ச தப்பு. அன்னைக்குப் பறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். வேலை இருக்குன்னேன், வயிறு சரியில்லைன்னேன், கண்ணாடி இல்லைன்னேன். காத்துப்பையைக் காட்டினேன். மாட்டேன்னு மட்டும் சொல்லல. நான் எறங்கியிருந்தா வண்டி போயிருக்காது, பூப் போட இன்னொரு ஆளு இல்ல. சின்ன வயசுல இருந்து இவங்கிட்ட மாட்டேன்னு சொன்னதில்ல, அதைப் பெரிய நட்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். பந்தல்ல எரநூறு பேரு இருந்தாங்க.'

அவ்வளவுதான். பாத்தீங்களா தம்பி? தப்பு அவனோடதுன்னு அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறான். இதுக்கு மேல என்ன வேணும்? நான் இதையும் கூட்டத்துல சொல்லச் சொன்னேன். மில்லுக்காரரு போனை வெச்சுட்டாரு.

எனக்கு அவன் மேல கோவம் இல்லீங்க. ஒடம்பு முடியாத நேரத்துல ஏதோ எழுதிட்டான். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போவேன். அஞ்சு மணி இருக்கும். மரகதம் கேட்டுகிட்ட வரும். 'தூங்கறாருங்கண்ணா'ன்னு சொல்லும். உள்ள கிரிக்கெட் ஓடற சத்தம் கேக்கும். அவன் அப்பவே அப்படித்தான், டிவியைப் போட்டுட்டே தூங்குவான். அடுத்த வாரம் போவேன். தூங்கறாருங்கண்ணா. நாலு மாசம் ஆச்சு. அத்தனை மாத்திரை குடுக்கக் கூடாதும்மா, டாக்டரை மாத்துன்னு சொன்னேன். சரிங்கண்ணான்னுச்சு. ஒருநாளு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன். அதைக் கேட்டுக்கு மேல கையை நீட்டி வாங்கிக்கிச்சு. தெறக்கல. பூட்டு சாவி எங்கியோ வெச்சுட்டுதாம்.

இப்ப ரெண்டு மாசமா அவன் இங்க வர்றான். தூங்கறவன் காலையில ஆறு மணிக்கு எப்படி வர்றான்னுதானே கேக்கறீங்க. டீச்சர் ஏதோ பொறுப்புக் குடுத்திருக்கறாங்க. பாதுகாப்பு அலுவலராம். பேரைப் பாருங்க. மரகதம்தான் காரை ஓட்டிட்டு வரும். இந்தக் கடையைத் தாண்டித்தான் போகணும். கார்க் கண்ணாடி ஏத்தியிருக்கும். புழுதிங்க, இந்த ரோட்டுல கண்ணாடியை எறக்க முடியாது. நான் கையைத் தூக்குவேன். வெளிச்சத்துல உள்ள தெரியறதில்ல, அவனும் தூக்கியிருப்பான்.

அதோ, ரெண்டாவது வண்டி எறங்குது பாருங்க. கொஞ்சம் ஒசரம். ம். சரியாப் பிடிச்சுட்டான். இன்னும் ஒண்ணு மேல இருக்குது, செவப்பு வண்டி. அதுவும் எறங்கினப்பறம்தான் நான் கெளம்புவேன். எனக்கு என்ன அவசரம்.

உங்களைக் கூப்புடறாங்க போல. கேட்டுகிட்ட ஆளு வந்துருச்சு. போங்க போங்க. உள்ள போனா ஷெட்டு வாசல்ல ஒரு நாற்காலி போட்டு, ஒரு காலை நீட்டிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான், கையில தடி. அவன்தான் அர்த்தநாரி. புது ஆளுங்களை அவன்தான் முதல்ல பேசி எடுக்கறது. எங்கூடப் பேசினேன்னு சொல்லாதீங்க. இல்ல, சொன்னாலும் ஒண்ணும் இல்ல. காலு இப்ப மடங்குதான்னு மட்டும்... வேண்டாம், விடுங்க. நானே சாயங்காலம் கேட்டுக்கறேன்.

ஒரே ஒரு கேள்விதான் கேப்பானாம். போன வாரம் சேந்தவரு சொன்னாரு. வண்டியில ஏறிட்டீங்க, பெல்ட்டு போட்டுட்டீங்க, ஓட்டறவரு உங்களுக்கு ரொம்ப வேண்டியவரு, அவரு பண்ணப் போறது தப்புன்னு உங்களுக்குத் தெரியுது, என்ன பண்ணுவீங்கன்னு கேப்பான். எறங்கிருவேன்னு சொல்லுங்க. அப்பத்தான் சேத்துக்குவாங்க. சும்மா சொல்றதுக்குத்தானுங்க, யாரு எறங்குவாங்க? இருபத்திரண்டு வருசத்துல எம்பக்கத்துல எத்தனையோ பேரு உக்காந்து வந்திருக்கறாங்க தம்பி. ஒருத்தரு கூட எறங்கறேன்னு சொன்னதில்ல.